வேப் பேட்டரி காட்டும் அறிகுறிகள்: சூடு, திடீர் அணைப்பு, கிழிந்த உறை

வேப் கருவியில், அதாவது மின்சிகரெட்டில், கழற்றி மாட்டும் பேட்டரிகளில் பெரும்பாலானவை 18650 வகை. 18 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் நீளம். கடைசியில் நிற்கும் சுழி, உருளை வடிவம் என்பதைச் சொல்கிறது. அதைவிடக் கொஞ்சம் பருத்த 21700 வகையும் இப்போது நிறையப் புழங்குகிறது. இரண்டுமே லித்தியம் அயான் செல்கள். மடிக்கணினி, மின்சாரச் சைக்கிள், டிரில்லிங் மெஷின் போன்றவற்றின் பேட்டரிப் பெட்டிக்குள் அடுக்கி, பாதுகாப்புச் சுற்றோடு சேர்த்துப் பயன்படுத்தத்தான் இவற்றைச் செய்கிறார்கள். தனிச் செல்லாக வாங்கி வேப் கருவியில் போட இவை செய்யப்படவில்லை என்று செல் தயாரிக்கும் பெரிய நிறுவனங்களே அறிவித்திருக்கின்றன. அதாவது, அந்தப் பெட்டிக்குள் இருக்கும் மின்சுற்று பார்க்க வேண்டிய வேலையை இங்கே நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

வேப்பிங் நல்லதா கெட்டதா என்ற பேச்சுக்குள் நான் போகவில்லை. சில நாடுகளில் கருவிக்கே தடை உண்டு, அது தனிக் கதை. ஏற்கெனவே கருவியும் பேட்டரியும் கையில் வைத்திருந்து, 'ஏன் இப்படிச் செய்கிறது?' என்று குழம்புகிறவருக்காக இதை எழுதுகிறேன். வோல்ட் அளக்கும் ஒரு சாதாரண மல்டிமீட்டர் வேண்டும். கிராம் கணக்கில் காட்டும் சின்னத் தராசு இருந்தால் இன்னும் நல்லது.

முதலில் அவசரம்: சீறல், வாடை, புகை

இங்கே ஆராய்ச்சிக்கு நேரமில்லை. செல்லிலிருந்து 'உஸ்' என்று காற்று வெளியேறும் சத்தம், நகப்பூச்சு அழிக்கும் திரவம் போன்ற வாடை, பிளஸ் முனை ஓரத்தில் ஈரம், கையில் பிடிக்க முடியாத சூடு. இவற்றில் எது வந்தாலும் உள்ளே அழுத்தம் ஏறிவிட்டது என்று அர்த்தம். அழுத்தத்தை வெளியேற்றும் துளை திறந்துவிட்டது, அல்லது திறக்கப் போகிறது. ஃபயர் பட்டனிலிருந்து, அதாவது கருவியை இயக்க அழுத்தும் பட்டனிலிருந்து, விரலை எடுங்கள். பேட்டரியைக் கழற்றிப் பார்க்கும் ஆசை வேண்டாம். எரியாத பரப்பில், முடிந்தால் வெளியே சிமென்ட் தரையில் வைத்துவிட்டுத் தள்ளிப் போங்கள். சார்ஜரில் இருக்கும்போது இப்படி ஆனால் சுவர் சுவிட்சை அணையுங்கள், செல்லைத் தொடாதீர்கள்.

அந்தப் புகையில் ஹைட்ரஜன் ஃபுளோரைடு இருக்கக்கூடும். நுரையீரலுக்குக் கெடுதல், அதனால் கிட்டே போய் முகர வேண்டாம். தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றலாமா என்று பலரும் தயங்குகிறார்கள். ஊற்றலாம், நிறையவே ஊற்றலாம். மறுபடி சார்ஜ் செய்யக்கூடிய இந்தச் செல்லில் உலோக லித்தியம் கட்டியாக இல்லை. தண்ணீர் அதைக் குளிரவைக்கிறது, குளிர்ந்தால்தான் உள்ளே நடக்கும் வேதிவினை நிற்கும். ஒருமுறை இப்படி வாயுவைக் கக்கிய செல், ஆறிய பின் மீட்டரில் நல்ல வோல்ட் காட்டினாலும் அதன் ஆயுள் முடிந்தது.

உள்ளேயே பேட்டரி பொருத்தி வரும் சின்னக் கருவிகளில் தட்டையான பை போன்ற செல் இருக்கலாம். அது கெட்டால் சீறுவதற்கு முன்பு உப்பும். கருவியின் மூடி சரியாகப் பொருந்தாமல் பிதுங்கி நின்றால் அதுவும் இந்தப் பகுதியில் சேர்த்திதான். உப்பிய பேட்டரியை ஊசியால் குத்திக் காற்றை விடலாம் என்று யாராவது யோசனை சொன்னால் அவர் பக்கத்தில்கூட நிற்காதீர்கள்.

அறிகுறிகளுக்கு முன் ஒரு கணக்கு

பேட்டரி வாங்கும்போது முக்கால்வாசிப் பேர் பார்ப்பது எம்ஏஎச் (மில்லிஆம்பியர்-மணி) என்ற கொள்ளளவு எண்ணை. அது எவ்வளவு நேரம் தாங்கும் என்பதைச் சொல்லுமே தவிர, எவ்வளவு வேகமாக உறிஞ்சலாம் என்பதைச் சொல்லாது. வேகத்தைச் சொல்வது தொடர் மின்னோட்ட வரம்பு, அதாவது இடைவிடாமல் இத்தனை ஆம்பியர் எடுக்கலாம் என்று தயாரிப்பாளர் டேட்டாஷீட்டில் (செல்லின் விவரத்தாளில்) தரும் எண். இந்த இரண்டும் எதிரெதிர்த் திசையில் போகும். எல்ஜி எச்பி6 வெறும் 1500 எம்ஏஎச், ஆனால் 30 ஆம்பியர் தரும். சாம்சங் 25ஆர் 2500 எம்ஏஎச், 20 ஆம்பியர். சாம்சங் 30க்யூ 3000 எம்ஏஎச், 15 ஆம்பியர். சாம்சங் 35ஈ 3500 எம்ஏஎச், 8 ஆம்பியர்தான். நிறையக் கொள்ளும் செல் மெதுவாகத்தான் தரும். ஆகவே 3500 எம்ஏஎச், 35 ஆம்பியர் என்று இரண்டையும் செல்லைச் சுற்றிய பிளாஸ்டிக் உறையில் ஒன்றாக அச்சிட்டு ஒருவர் விற்றால் முதலில் டேட்டாஷீட்டைக் கேளுங்கள்.

உறையில் அச்சிடும் ஆம்பியரிலும் ஒரு தந்திரம் உண்டு. சில நொடிகள் மட்டும் தாங்கும் 'பல்ஸ்' எண்ணைப் பெரிதாகப் போட்டுவிடுவார்கள். நேர்மையான டேட்டாஷீட்டிலும்கூட அடிக்குறிப்பைப் படிக்க வேண்டும். சோனி (இப்போது முராட்டா) விடிசி6 செல்லுக்கு 30 ஆம்பியர் என்ற எண் உண்டு. ஆனால் செல்லின் வெப்பம் 80 டிகிரி செல்சியஸைத் தொட்டால் நிறுத்திவிட வேண்டும் என்ற நிபந்தனையோடு வருவது அது. அந்த நிபந்தனை இல்லாமல் 15 ஆம்பியர்தான். உங்கள் வேப் கருவி செல்லின் வெப்பத்தை அளக்கிறதா? பெரும்பாலும் இல்லை. அப்படியானால் 15 என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

சரி, நீங்கள் எத்தனை ஆம்பியர் எடுக்கிறீர்கள்? கருவியைப் பொறுத்து இரண்டு வழியில் கணக்குப் போடலாம்.

மின்சுற்று எதுவும் இல்லாமல் பேட்டரியையும் காயிலையும் (திரவத்தைச் சூடாக்கும் கம்பிச்சுருளை) நேரே இணைக்கும் மெக்கானிக்கல் கருவி என்றால் பள்ளிக்கூடத்து ஓம் விதி போதும். முழு சார்ஜில் 4.2 வோல்ட், அதைக் காயிலின் ஓமால் வகுக்க வேண்டும். 0.5 ஓம் காயில் 8.4 ஆம்பியர் இழுக்கும். 0.25 ஓம் 16.8. 0.15 ஓம் 28 ஆம்பியர், அதாவது 25ஆர் போன்ற நல்ல செல்லுக்கே அதிகம். இரண்டு செல்லை வரிசையாகத் தொடரில் இணைத்தால் வோல்ட்டேஜ் 8.4 ஆகிவிடும்; அதே 0.5 ஓம் காயில் இப்போது 16.8 ஆம்பியர் இழுக்கும், அந்த முழு ஓட்டமும் ஒவ்வொரு செல் வழியாகவும் போகும். 'இரண்டு பேட்டரி, பாரம் பாதியாகப் பிரியும்' என்று நினைத்து ஏமாறும் இடம் இதுதான்.

வாட் அமைக்கும் திரையுள்ள ரெகுலேட்டட் கருவியில் காயிலின் ஓமை மறந்துவிடுங்கள். வாட்டைச் செல்களின் எண்ணிக்கையால் வகுத்து, வந்ததை 2.9ஆல் வகுத்தால் ஒரு செல்லின் ஆம்பியர் கிடைக்கும். கருவி பேட்டரியைத் துண்டிக்கும் வோல்ட்டேஜ் சுமார் 3.2, மின்சுற்றின் திறன் சுமார் 90 சதவீதம், 3.2ஐ 0.9ஆல் பெருக்கினால் 2.88. எண் 2.9 அங்கிருந்து வருகிறது. ஒரு செல்லில் 60 வாட் என்றால் கிட்டத்தட்ட 21 ஆம்பியர். இரண்டு செல்லில் 120 வாட் என்றாலும் அதே 21தான்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. மெக்கானிக்கல் கருவியில் சார்ஜ் இறங்க இறங்க ஆம்பியரும் இறங்கும். ரெகுலேட்டட் கருவியில் நேர்மாறு. 60 வாட் தந்தே தீர வேண்டும் என்று கருவி பிடிவாதம் பிடிப்பதால், முழு சார்ஜில் 16 ஆம்பியரில் முடிந்த வேலைக்கு, சார்ஜ் தீரும் நேரத்தில் 21 ஆம்பியர் எடுக்கும். கீழே வரும் அறிகுறிகளில் பாதி இந்த ஒரு விஷயத்தால் வருபவை.

அறிகுறி: பேட்டரி சுடுகிறது

எப்போது சுடுகிறது, எங்கே சுடுகிறது என்று முதலில் பிரித்துக்கொள்ள வேண்டும். பத்துப் பதினைந்து தடவை தொடர்ந்து இழுத்த பின் லேசாகக் கதகதப்பாக இருப்பது இயல்பு. கழற்றி உள்ளங்கையில் மூடிப் பிடிக்க முடியவில்லை என்றால் வரம்பு மீறிவிட்டது.

பயன்படுத்தும்போது செல்லின் உடல் முழுக்கச் சமமாகச் சுட்டால், எடுக்கும் ஆம்பியர் அதிகம் அல்லது செல் வயதானது. ஒவ்வொரு செல்லுக்குள்ளும் கொஞ்சம் மின்தடை உண்டு. அதில் எழும் வெப்பம் ஆம்பியரின் வர்க்கத்தைப் பொறுத்தது. உள்தடை 0.03 ஓம் உள்ள செல்லில் 10 ஆம்பியர் எடுத்தால் 3 வாட் வெப்பம்; 20 ஆம்பியர் எடுத்தால் 12 வாட். ஓட்டத்தை இரட்டிப்பாக்கினால் சூடு நான்கு மடங்கு. அதனால்தான் வாட்டைக் கொஞ்சமே கூட்டியது போலத் தோன்றினாலும் பேட்டரி சட்டென்று கொதிக்கிறது. மேலே சொன்ன கணக்கைப் போட்டுப் பாருங்கள். செல்லின் வரம்பைத் தாண்டினால் வாட்டைக் குறையுங்கள், அல்லது கூடிய ஓம் காயிலுக்கு மாறுங்கள். வரம்புக்குள் இருந்தும் சுட்டால் செல் கிழடாகிவிட்டது, அல்லது உறையில் எழுதியிருப்பது பொய்.

ஒரு முனை மட்டும் சுட்டால் செல்லைச் சந்தேகிக்காதீர்கள். அங்கே தொடுமுனையில் அழுக்கோ துருவோ இருக்கும், ஸ்பிரிங் தளர்ந்திருக்கும். மேல்முனை, அதாவது திரவம் ஊற்றும் டேங்க் அமரும் பக்கம் மட்டும் சூடாக இருந்தால் அது பெரும்பாலும் காயிலின் சூடு கீழே இறங்குவது. சில நிமிடம் ஓய்வு கொடுத்தால் தணியும்.

பட்டனைத் தொடாமலே, சும்மா வைத்திருக்கும்போது சூடானால் கதையே வேறு. எங்கோ மின்சாரம் ஒழுகுகிறது. பட்டன் அமுங்கியபடி சிக்கியிருக்கலாம், மின்சுற்றுப் பலகையில் வேப் திரவம் இறங்கியிருக்கலாம், உறை கிழிந்து ஷார்ட் சர்க்யூட் ஆகியிருக்கலாம். இன்னும் புகையில்லை, தொடக்கூடிய சூடு என்றால் செல்லைக் கழற்றி எரியாத இடத்தில் தனியே வையுங்கள். செல் தனியே ஆறிவிட்டால் குற்றம் கருவியில். அதைப் பிரித்துச் சரிபார்க்காமல் வேறு செல் போடாதீர்கள். கழற்றிய பிறகும் செல் சூடாகிக்கொண்டே போனால் மேலே உள்ள அவசரப் பகுதிக்குப் போங்கள்.

சார்ஜ் ஆகும்போது சுட்டால் சார்ஜரின் ஆம்பியரைப் பாருங்கள். 18650க்கு 1 ஆம்பியர் நிம்மதியான வேகம்; 2 ஆம்பியரைப் பெரும்பாலான செல்கள் தாங்கும். 1 ஆம்பியரிலேயே சுடும் செல்லை நான் மறுபடி பயன்படுத்த மாட்டேன்.

அறிகுறி: மீட்டரில் 3.8 வோல்ட், கருவியோ 'பேட்டரி குறைவு' என்கிறது

இரண்டுமே உண்மையைத்தான் சொல்கின்றன. மீட்டர் அளப்பது ஓய்வில் இருக்கும் வோல்ட்டேஜை; கருவி அளப்பது பாரம் ஏறியதும் எவ்வளவு மிஞ்சுகிறது என்பதை. உள்தடை 0.03 ஓம் உள்ள புதுச் செல்லில் 15 ஆம்பியர் எடுத்தால் 0.45 வோல்ட் உள்ளேயே விழும், 3.8 போய் 3.35 நிற்கும், கருவி ஓடும். அதே செல் வயதாகி உள்தடை 0.06 ஆகிவிட்டால் விழுவது 0.9 வோல்ட். மிஞ்சுவது 2.9. கருவி துண்டித்துவிடும்.

சோதிக்கும் முறை எளிது. வாட்டைப் பாதியாகக் குறைத்து அழுத்துங்கள். செய்தி போய்விட்டால் வோல்ட்டேஜ் சரிவுதான் காரணம். அடுத்து, தொடுமுனைகளைத் துடையுங்கள்: பேட்டரியை எடுத்துவிட்டு, பஞ்சு சுற்றிய குச்சியில் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்டு, கருவியின் இரண்டு முனைகளையும் செல்லின் முனைகளையும் துடைத்துக் காயவிடுங்கள். அழுக்குத் தொடுமுனையும் மின்தடைதான், ஒரு ஓமில் நூறில் சில பங்கு கூடினாலே இவ்வளவு ஆட்டம் காட்டும். துடைத்தும் மாறவில்லை என்றால், நம்பகமான புதுச் செல் ஒன்றை அதே வாட்டில் போட்டுப் பாருங்கள். அது ஓடினால் பழையதை விட்டுவிட வேண்டும். வாட் குறைத்துக் குறைத்துக் கிழட்டுச் செல்லை ஓட்டுவது பலரின் பழக்கம். டார்ச் லைட்டில் அது சரி. ஆனால் முகத்துக்கு அருகே வைத்துப் பயன்படுத்தும் பொருளில் அந்தச் சிக்கனத்தை நான் சொல்ல மாட்டேன்.

அறிகுறி: அழுத்தியதும் அரை நொடியில் அணைகிறது, அல்லது பேட்டரி இருப்பதே தெரியவில்லை

முதலில் பிளஸ், மைனஸ் திசை. சிரிக்காதீர்கள், இரண்டு செல் போடும் கருவியில் ஒன்று மேலேயும் ஒன்று கீழேயும் பார்க்க வேண்டியிருக்கும். இருட்டில் எனக்கே மாறியிருக்கிறது.

திசை சரியென்றால் செல்லின் நீளத்தைப் பாருங்கள். அடியில் பாதுகாப்புச் சுற்று ஒட்டிவரும் 'புரொடெக்டட்' செல் 65 மில்லிமீட்டரைத் தாண்டி 68, 70 வரைகூடப் போகும். கருவிக்குள் திணித்தால்தான் போகும். போனாலும், அந்தச் சின்னச் சுற்று பெரிய ஓட்டத்தைக் கண்டதும் தன் வேலையைச் செய்து துண்டித்துவிடும். டார்ச்சுக்கு வாங்கியதை வேப்பில் போட்டவர்களுக்கு இது நடக்கும். செல்லில் குறையில்லை, இடம்தான் தவறு. நேர்மாறாக, பிளஸ் முனை தட்டையான செல்லை, பொத்தான் போல முனை நீண்ட செல்லுக்காகச் செய்த கருவியில் போட்டால் முனை எட்டாமல் கருவி செத்தது போலக் கிடக்கும். இடையில் வெள்ளிக்காகிதத்தை மடித்து வைப்பது மிகக் கெட்ட யோசனை. அது நகர்ந்து பிளஸ் முனையையும் ஓரத்தையும் சேர்த்துத் தொட்டால் ஷார்ட்.

அறிகுறி: இரண்டில் ஒன்று மட்டும் சீக்கிரம் இறங்குகிறது

இரட்டைப் பேட்டரிக் கருவிக்கு ஒரே மாதிரி, ஒரே நேரத்தில் வாங்கிய இரண்டு செல்லை ஜோடி சேர்த்து, எப்போதும் ஒன்றாகவே போட்டு, ஒன்றாகவே சார்ஜ் செய்ய வேண்டும். உறையில் பேனாவால் 'அ1', 'அ2' என்று குறித்துவிட்டால் குழப்பம் இல்லை. ஜோடியில் ஒன்று பலவீனமானால் மற்றது தள்ளும் ஓட்டத்தில் அது அளவுக்கு மீறி வறண்டுபோகும், அதுதான் ஆபத்து.

இறங்குவது எதனால் என்று அறிய, இரண்டு செல்லையும் இடம் மாற்றுங்கள். முழு சார்ஜ் செய்து, அ1 இருந்த குழியில் அ2, அ2 இருந்த குழியில் அ1. சார்ஜ் தீரும்வரை பயன்படுத்திவிட்டு அளந்து பாருங்கள். குறை செல்லோடு நகர்ந்தால் செல்லில் கோளாறு. குழியிலேயே தங்கினால் கருவியில் கோளாறு. இந்த எளிய சோதனையைத் தெரிந்துகொள்வதற்கு முன் நல்ல செல் ஒன்றைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புது ஜோடி வாங்கினேன். புது ஜோடியிலும் இடது குழியில் இருந்ததே இறங்கியது. கடைசியில் பார்த்தால், கீழே விழுந்ததில் ஒரு தொடுமுனைத் தகடு வளைந்திருந்தது.

இரண்டுக்கும் இடையே 0.05 வோல்ட் வரை வித்தியாசம் இருந்தால் நான் கவலைப்படுவதில்லை. 0.1ஐத் தாண்டி, இடம் மாற்றியும் அதே செல் பின்தங்கினால் ஜோடியையே மாற்றுவேன். கெட்டதை மட்டும் மாற்றிப் பழையதோடு புதியதைச் சேர்ப்பதில் பலன் இல்லை. புதியதும் பழையதும் ஒரே வேகத்தில் இறங்காது.

அறிகுறி: வாங்கிய புதிதிலேயே சார்ஜ் நிற்கவில்லை

பழைய செல் என்றால் காரணம் தெரிந்ததுதான். சில நூறு தடவை சார்ஜ் செய்த பின் கொள்ளளவு குறையும், அதிக ஆம்பியரில் ஓட்டினால் இன்னும் சீக்கிரம். புதுச் செல் என்றால் போலியைச் சந்தேகியுங்கள்.

தராசு இங்கேதான் உதவும். உண்மையான 18650 செல் பெரும்பாலும் 43 முதல் 50 கிராம் வரை இருக்கும். ஒருமுறை நான் இணையத்தில் வாங்கிய ஒன்றில் கொட்டை எழுத்தில் பெரிய எண் போட்டிருந்தது; எடை 33 கிராம். கொள்ளளவு அளக்கும் சார்ஜரில் போட்டால் ஆயிரம் எம்ஏஎச்கூட எட்டவில்லை. இந்த மாதிரிச் செல்களைப் பிரித்தால் உள்ளே சின்னச் செல் ஒன்றும், மிச்ச இடத்தை நிரப்ப ஏதோ தூளும் இருக்கும். உறையில் 5000, 9900 என்ற எண் இருந்தாலே 18650இல் அது பொய் என்று கொள்ளலாம்.

இன்னொரு வகை கொஞ்சம் நுட்பமானது. பெரிய நிறுவனத்தின் தரப் பரிசோதனையில் தேறாத செல்லையோ, பழைய பேட்டரிப் பெட்டியிலிருந்து பிரித்ததையோ வாங்கிப் புது உறை போட்டு, புதுப் பெயரில், கூடுதல் ஆம்பியரோடு விற்பது. எடை சரியாக இருக்கும். முனைகளில் வெல்டிங் புள்ளித் தடம், உரசல், எங்கோ கீறல் தெரிந்தால் அது ஏற்கெனவே ஒரு பெட்டியில் வாழ்ந்து முடித்தது. தயாரிப்பாளரின் சொந்தப் பெயரும் மாடல் எண்ணும் உள்ள செல்லை, பேட்டரி மட்டுமே விற்கும் விற்பனையாளரிடம் வாங்குவதுதான் நான் கண்ட ஒரே தீர்வு.

அறிகுறி: சார்ஜர் ஏற்க மறுக்கிறது

மீட்டரை வையுங்கள். புரொடெக்டட் செல் சுழியைக் காட்டினால் உள்ளே இருக்கும் சுற்று துண்டித்திருக்கலாம். சார்ஜரில் வைத்ததும் பல செல்கள் விழித்துக்கொள்ளும். ஆனால் சுற்று இல்லாத வெறும் செல் 2 வோல்ட்டுக்குக் கீழே காட்டினால் அதை மறந்துவிடுங்கள். அவ்வளவு வறண்ட செல்லில் மைனஸ் பக்கத்துச் செப்புத் தகடு கரைய ஆரம்பித்திருக்கும். மறுபடி சார்ஜ் ஏற்றும்போது கரைந்த செம்பு வேண்டாத இடத்தில் படிந்து, உள்ளேயே ஷார்ட்டுக்கு வழி செய்யும். சில சார்ஜர்களில் செத்த பேட்டரிக்கு உயிர் கொடுக்கும் வசதி இருக்கிறது. வெளியே எல்லாம் நன்றாகத் தெரியும், உள்ளே நடந்தது தெரியாது. வேப் செல்லுக்கு அதை நான் பயன்படுத்துவதில்லை. 2 முதல் 2.5 வரை காட்டும் செல்லையும் இதே கணக்கில்தான் சேர்க்கிறேன்.

குளிரில் உறைந்து கிடந்த செல்லை உடனே சார்ஜில் போடுவதும் தவறு. சுழி டிகிரிக்குக் கீழே சார்ஜ் ஏற்றினால் லித்தியம் உலோகமாகப் படியும். அறை வெப்பத்துக்கு வரட்டும், அப்புறம் போடலாம்.

அறிகுறி: சார்ஜ் முடிந்த பின் எண் சரியில்லை

நல்ல சார்ஜர் 4.2 வோல்ட்டில் நின்றுவிடும். எடுத்த உடனே அளந்தால் 4.16 முதல் 4.2 வரை எதுவானாலும் சரி. 4.25ஐத் தாண்டினால் சார்ஜரைத் தூக்கிப் போடுங்கள். மீட்டரின் பேட்டரி தீர்ந்தாலும் தப்பாகக் காட்டும் என்பதால் வேறொரு மீட்டரில் ஒருமுறை சரிபார்த்துவிட்டுப் போடுங்கள். மறுநாள் காலையில் 4.15 காட்டினால் கவலையில்லை. கருவியில் போடாமல் சும்மா வைத்திருந்தே ஒரு வாரத்தில் 4.05க்குக் கீழே போனால் செல் உள்ளுக்குள் ஒழுகுகிறது, விலக்கிவிடுங்கள்.

நாள் கணக்கில் பயன்படுத்தாமல் வைப்பதானால் முழு சார்ஜில் வைக்க வேண்டாம். 3.6, 3.7 வோல்ட்டில், வெயில் படாத இடத்தில் வைத்தால் நீண்ட நாள் உழைக்கும். பூட்டிய காருக்குள் வைத்துவிட்டுப் போகாதீர்கள்.

அறிகுறி: உறை கிழிந்திருக்கிறது

இதைப் பலர் அழகு சம்பந்தப்பட்ட விஷயம் என்று விட்டுவிடுகிறார்கள். ஆனால் 18650 செல்லின் உடல் முழுவதும் மைனஸ். அடிப்பாகம் மட்டும் என்று நினைக்க வேண்டாம்; பக்கவாட்டும், பிளஸ் முனையைச் சுற்றிய தோள்பட்டையும் மைனஸ்தான். பிளஸ் முனைக்கும் அந்தத் தோளுக்கும் இடையே ஒன்றிரண்டு மில்லிமீட்டர் இடைவெளியும், மின்சாரம் கடத்தாத ஒரு மெல்லிய வளையமும், பிளாஸ்டிக் உறையும்தான் காவல். உறை தோள்பட்டையில் கிழிந்திருக்க, உலோக உடல் கொண்ட கருவிக்குள் செல் நுழைந்தால், எந்த பட்டனையும் அழுத்தாமலே முழு ஷார்ட் ஏற்படலாம். கருவியின் உள்ளே இருக்கும் பாதுகாப்பு எதுவும் அதைத் தடுக்காது. ஷார்ட் அந்தச் சுற்றுக்கு வெளியே நடக்கிறது.

டேங்கின் நடு ஊசி பேட்டரியின் பிளஸ் முனையை நேரே தொடும்படி அமைந்த மெக்கானிக்கல் கருவிகளில் இதே ஆபத்து வேறு உருவில் வரும். ஊசி வெளியே நீண்டு நிற்காமல் திருகுமரையோடு சமமாக இருந்தால், மரையே பிளஸ் முனையில் அமர்ந்துவிடும். மரை மைனஸ். பட்டனை அழுத்தியதும் முடிந்தது. உங்கள் டேங்கின் ஊசியை நகத்தால் தடவிப் பாருங்கள். தெளிவாக மேடு தட்டவில்லை என்றால் அந்தக் கருவியில் அதை மாட்ட வேண்டாம்.

உறை மட்டும் கிழிந்து, செல்லின் தகரம் சேதமில்லாமல் இருந்தால் சரிசெய்யலாம். பழைய உறையைப் பிளேடால் கீறாமல், கிழிந்த இடத்திலிருந்து நகத்தால் உரியுங்கள். பிளஸ் முனையில் வளையம் சரியாக இருக்கிறதா பாருங்கள், இல்லையென்றால் புதியது வையுங்கள். 18650க்கென்று விற்கும் சுருங்கும் உறையை நுழைத்து, இரண்டு பக்கமும் ஒரே அளவு நீட்டிக்கொண்டிருக்கும்படி பிடித்து, முடி உலர்த்தும் கருவியின் சூடான காற்றைச் சுற்றிக் காட்டினால் சில நொடிகளில் ஒட்டிக்கொள்ளும். செல்லின் மாடல் எண்ணைப் புது உறையில் எழுதிவிடுங்கள், ஆறு மாதம் கழித்து நினைவிருக்காது. தகரத்தில் பள்ளமோ நசுங்கலோ இருந்தால் உறை மாற்றிப் பயனில்லை. பள்ளத்துக்கு அடியில் உள்ளே சுருட்டியிருக்கும் படலங்கள் நசுங்கியிருக்கும்.

நல்ல உறை இருந்தாலும் சட்டைப் பையில் சாவியோடும் சில்லறையோடும் வெறும் செல்லைப் போட்டால் இதே ஷார்ட் பைக்குள் நடக்கும். அமெரிக்கத் தீயணைப்பு நிர்வாகம் 2009 முதல் 2016 வரை அந்நாட்டில் பதிவான 195 வேப் தீ, வெடிப்பு நிகழ்வுகளைத் தொகுத்தது. அவற்றில் 61, கருவியோ மாற்றுப் பேட்டரியோ பையில் இருந்தபோது நடந்தவை. பயன்பாட்டில் இருந்தபோது நடந்தவை 60, கிட்டத்தட்ட சமம். இரண்டு செல் பிடிக்கும் பிளாஸ்டிக் பெட்டி இதற்கென்றே கிடைக்கிறது, சிலிகான் உறையும் கிடைக்கிறது. விமானத்தில் போகும்போது கருவியும் செல்லும் கைப்பையில்தான் வர வேண்டும், சரக்கில் ஏற்றும் பெட்டியில் போடக் கூடாது.

விலக்கிய செல்லை என்ன செய்வது

கருவியில் போட்டு, குறைந்த வாட்டில், 3.3 வோல்ட் சுற்றி வரும்வரை தீர்த்துவிடுங்கள். பள்ளம் விழுந்த, வறண்ட, வாயு கக்கிய செல்லுக்கு மட்டும் இது வேண்டாம், அப்படியே விடுங்கள். இரண்டு முனைகளிலும் மின் ஒட்டுநாடா ஒட்டி, பேட்டரி சேகரிக்கும் இடத்தில் கொடுங்கள். வீட்டுக் குப்பையில் போட்டால் குப்பை வண்டி அமுக்கும்போது நசுங்கித் தீப்பிடிக்கும். கொடுக்கப் போகும்வரை தனியாக வைத்து, உறையில் பேனாவால் பெரிதாக ஒரு பெருக்கல் குறி போட்டுவிடுங்கள். நான் போடாமல் வைத்த ஒன்றை மூன்று மாதம் கழித்து நல்ல செல் என்று எடுத்துச் சார்ஜரில் வைத்தேன்.